கண்ணோய் பரவும்போது காரணமான வைரஸைக் கண்டறிவது எப்படி: மொரிசியஸ் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரிசியஸில் பள்ளிக்கூடங்கள் திறப்பதும் தைப்பூசக் காவடி வருவதும் வெயிலும் ஈரமும் மிகுந்த கோடைக் காலத்தில்தான். அந்த நாட்களில் ஒரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் சிவந்த கண்களோடு வந்து உட்கார்ந்தால், ஆசிரியர் அதைக் 'கொன்ஜோங்க்டிவீத்' என்பார். வீட்டில் கிரியோலில் 'லிஸியே ரூஸ்' என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் 'மெட்ராஸ் ஐ' என்பார்கள். இவை மூன்றும் நோய்க்கு இட்ட பெயர்கள். அந்த நோயை உண்டாக்கியது எது என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. பொதுச் சுகாதாரப் பணியில் இருப்பவர்களும் ஆய்வகத் துறையில் படிக்கும் நம் பிள்ளைகளும் பள்ளி, கோயில் நிர்வாகங்களில் பொறுப்பேற்றிருப்பவர்களும் அந்தக் காரணத்தை எவ்வாறு தேடிச் செல்வது என்பதை ஆரம்பம் முதல் இங்கே எழுதுகிறேன்.

'எந்த வைரஸாக இருந்தால் என்ன, தானாக ஆறிவிடுமே' என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆறிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு வைரஸ் ஒரு வாரத்தில் விலகிவிட, இன்னொன்று இரண்டு மூன்று வாரம் நீடித்துக் கருவிழியில் புள்ளிகளை விட்டுச்செல்கிறது. ஒன்று பள்ளியிலும் வீட்டிலும் காட்டுத்தீயாகப் பரவுகிறது. இன்னொன்று கண் மருத்துவமனையின் கருவிகள் வழியாகவே பரவக்கூடியது. பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் நிறுத்துவது, எந்த அறிகுறிக்காகக் காத்திருப்பது, எந்த இடத்தை முதலில் துடைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் விடை வைரஸின் பெயரில்தான் இருக்கிறது.

சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல்

பெரும் எண்ணிக்கையில் மக்களைத் தாக்கும் கண்ணோய்க்கு முக்கியக் காரணங்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது எண்டெரோவைரஸ்கள். 1969இல் கானா நாட்டில் திடீரென வெடித்த இரத்தக்கசிவுக் கண்ணோய், மனிதன் நிலவில் இறங்கிய அதே ஆண்டில் வந்ததால் 'அப்பல்லோ நோய்' என்றே அங்கு அழைக்கப்பட்டது. அதற்குக் காரணம் எண்டெரோவைரஸ் 70 என்று பின்னர் தெரியவந்தது. அடுத்த ஆண்டு, 1970இல், சிங்கப்பூரில் ஏறத்தாழ அதே நோயை உண்டாக்கிய, இதே குடும்பத்து வேறொரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் காக்சாக்கி வைரஸ் ஏ24இன் திரிபு வகை. நம் அண்டைத் தீவான ரெயூனியனில் 2015 சனவரி முதல் ஏப்ரல் வரை நீடித்த பெரும் கண்ணோய்ப் பரவலுக்கும் இந்தக் காக்சாக்கி ஏ24தான் காரணம் என்று உறுதிசெய்யப்பட்டது. விமானத்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் நடந்தது என்பதால், இத்தீவில் கோடைக் காலத்தில் கண்ணோய் கிளம்பினால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இரண்டாவது குடும்பம் அடினோவைரஸ்கள். இவற்றில் 8, 37, 64 ஆகிய வகைகள் கருவிழியையும் சேர்த்துத் தாக்கும் கடுமையான கண்ணோயை உண்டாக்குபவை. 64ஆம் வகையை முன்பு 19 என்றே வகைப்படுத்தி வந்தார்கள். 3, 4, 7 ஆகிய வகைகள் காய்ச்சலும் தொண்டைவலியும் சேர்ந்த கண்ணோயை, அதிலும் நீச்சல்குளத்தில் விளையாடும் பிள்ளைகளிடம், உண்டாக்குகின்றன.

பட்டியல் எழுதுவது

ஆய்வகத்துக்கு ஓடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். யாரை நோயாளி என்று கணக்கில் கொள்வது என்பதை முதலில் எழுத்தில் முடிவுசெய்யுங்கள். உதாரணமாக, 'குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு, இந்த ஊரில் வசிக்கும் அல்லது படிக்கும் ஒருவருக்கு, ஒரு கண்ணிலோ இரு கண்களிலுமோ திடீரென்று சிவப்பு ஏற்பட்டு, நீர்வடிதல், உறுத்தல், இமைவீக்கம், பீளை ஆகியவற்றில் ஒன்றாவது சேர்ந்திருப்பது' என்ற அளவில் இருந்தால் போதும். எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்காவிட்டால், பின்னால் வரும் கணக்கு எதற்கும் உதவாது.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வயது, வசிக்கும் இடம், பள்ளி அல்லது வேலையிடம், எந்தக் கண் முதலில் சிவந்தது, மறு கண் எப்போது சிவந்தது, வீட்டில் இன்னும் யாருக்கு இருக்கிறது, கடந்த இரண்டு வாரத்தில் கண் மருத்துவரிடம் போனாரா, நீச்சல்குளத்தில் இறங்கினாரா, கண்ணில் என்ன சொட்டு விட்டார். இவற்றோடு நோய் தொடங்கிய நாளை மட்டுமின்றி நேரத்தையும் கேளுங்கள். 'சனிக்கிழமை' என்று எழுதுவதைவிட 'சனிக்கிழமை விடிந்து எழும்போது கண் ஒட்டியிருந்தது' என்று எழுதுவது பத்து மடங்கு பயனுள்ளது. அதன் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

கேள்விகளைக் கிரியோலில் கேளுங்கள் என்பது என் அனுபவத்தில் வந்த அறிவுரை. தமிழை ஆர்வத்தோடு படிக்கும் குடும்பங்களிலும் வலியையும் உறுத்தலையும் மக்கள் கிரியோலில்தான் சொல்கிறார்கள். அரிப்பா, மணல் விழுந்தது போன்ற உறுத்தலா என்ற வேறுபாடு நோயை நிர்ணயிப்பதில் பெரியது. அதை அவர்கள் உணரும் மொழியில் கேட்டால்தான் விடை சரியாக வரும்.

கடிகாரத்தைப் படிப்பது

கிருமி உடலில் புகுவதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்கிறோம். காக்சாக்கி ஏ24, எண்டெரோவைரஸ் 70 ஆகியவற்றுக்கு இது மிகக் குறைவு: பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம். அடினோவைரஸுக்கு 5 முதல் 12 நாள், சில வேளைகளில் இரண்டு வாரம். ஒரு பைசா செலவில்லாமல், எந்தக் கருவியும் இல்லாமல், இந்த இரண்டு குடும்பங்களையும் பிரித்துக் காட்டக்கூடிய அளவுக்கு இந்த இடைவெளி பெரியது.

இதற்கு வீடுதான் சிறந்த இடம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டு வரும்போதே சிறுவனுக்கு இடது கண் சிவந்திருக்கிறது. அன்றிரவு அவன் பாட்டியின் அருகில் படுக்கிறான். தங்கை அவன் துண்டில் முகம் துடைக்கிறாள். சனிக்கிழமை இரவு தங்கைக்கு நீர் வடிகிறது. ஞாயிறு காலை பாட்டியின் இரு கண்களும் இமை வீங்கித் திறக்க முடியாமல் இருக்கின்றன. தொற்றியது எந்த நேரம், வெளிப்பட்டது எந்த நேரம் என்று இங்கே ஏறக்குறைய துல்லியமாகத் தெரிகிறது: ஒன்று அல்லது ஒன்றரை நாள். இப்படிப் பத்து வீடுகளில் ஒரே கதை கிடைத்தால், அடினோவைரஸை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டு எண்டெரோவைரஸைத் தேடலாம். அதே வீட்டில் தங்கைக்கும் பாட்டிக்கும் அடுத்த வெள்ளி, சனிக்கிழமைகளில்தான் கண் சிவந்தது என்றால், சந்தேகம் அடினோவைரஸ் பக்கம் சாய்கிறது.

நாள்வாரியாக நோயாளிகளின் எண்ணிக்கையைக் கட்டமிட்டு வரைந்தாலும் இதே உண்மை தெரியும். எண்டெரோவைரஸ் என்றால் சில நாட்களுக்குள் கோடு செங்குத்தாக ஏறும். அடினோவைரஸ் என்றால் ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் அலை அலையாக மெல்ல உயரும். எல்லோருக்கும் ஒரே மதியத்தில் கண் எரிந்து, அடுத்த நாள் யாருக்கும் புதிதாக வரவில்லை என்றால், அது வைரஸே அல்ல. நீச்சல்குளத்தில் மிகுதியாகக் கொட்டிய குளோரினையோ புகையையோ விசாரியுங்கள்.

கண்ணைப் பார்ப்பது

வெண்விழியில் இரத்தத் திட்டுகள், திடீர் வலி, இமைவீக்கம், ஒரு நாளுக்குள் மறு கண்ணுக்கும் தாவுதல் ஆகியவை எண்டெரோவைரஸ் நோயின் முகம். எண்டெரோவைரஸ் 70இல் இரத்தக்கசிவு மிகுதி. காக்சாக்கி ஏ24இல் அது பலருக்கு இல்லாமலே போகலாம். காதுக்கு முன்னால் விரலால் அழுத்தும்போது நோகும் நிணநீர்க் கணு, கீழிமையின் உட்புறத்தில் கொப்புளம் போன்ற சிறு மேடுகள், இமையின் உள்ளே படியும் மெல்லிய சவ்வு, ஓரிரு வாரம் கழித்து வெளிச்சம் பட்டால் கூச்சமும் பார்வை மங்கலும் ஆகியவை அடினோவைரஸை நினைவூட்டுகின்றன. ஆனால் கண்ணைப் பார்த்தே வைரஸின் பெயரைச் சொல்பவரை நம்பாதீர்கள். அடினோவைரஸிலும் இரத்தம் கசியலாம். நிணநீர்க் கணு எண்டெரோவைரஸிலும் வீங்கலாம். கண்ணின் தோற்றம் சந்தேகத்தைக் கூர்மையாக்கும், முடிவைத் தராது.

இந்தப் பார்வையின் உண்மையான பயன், கூட்டத்துக்குள் மறைந்திருக்கும் வேறு நோயாளிகளைப் பிரித்தெடுப்பதில் இருக்கிறது. ஒரே கண்ணில் வலியும், இமைத் தோலில் சிறு கொப்புளங்களும் இருந்தால் அது அக்கிக் குடும்பத்து வைரஸாக இருக்கலாம்; அவருக்கு யாராவது ஸ்டீராய்டு சொட்டு விட்டுவிட்டால் கருவிழியே பாழாகலாம். கெட்டியான மஞ்சள் சீழ் வழிந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவை எண்ணுங்கள். பிறந்த குழந்தையிடம் அதைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. கண் சிவப்போடு காய்ச்சல், இருமல், உடம்பெங்கும் தடிப்பு என்று வந்தால் தட்டம்மையாக இருக்கலாம். 2018இல் இத்தீவில் தட்டம்மை பரவியதை மறந்துவிடக் கூடாது. இரு கண்களிலும் அரிப்பு மட்டும் மிகுந்து, வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை.

மாதிரி எடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். ஆய்வகம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், குச்சியில் வராத வைரஸை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு முறை என் கைக்கு ஒரு பொட்டலம் வந்தது. மரக்குச்சியில் சுற்றிய சாதாரணப் பஞ்சு, உலர்ந்த குழாய்கள், ஒன்றில்கூட நோய் தொடங்கிய தேதி இல்லை. எல்லாம் 'இல்லை' என்றே முடிவு காட்டின. வைரஸ் இல்லாததால் இல்லையா, மாதிரி கெட்டுப்போனதால் இல்லையா என்று சொல்ல வழியே இல்லாமல், அந்தப் பரவலின் காரணம் கடைசிவரை தெரியாமலே போயிற்று. வெயிலில் வரிசையில் நின்று கண்ணைத் திறந்து காட்டிய அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

ஆகவே, குச்சியின் தண்டு பிளாஸ்டிக்காகவும் நுனி பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையாகவும் இருக்க வேண்டும். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் வைரஸுக்கோ பிந்தைய சோதனைக்கோ ஊறு செய்யக்கூடியவை. நோய் தொடங்கி மூன்று நாட்களுக்குள் இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். எண்டெரோவைரஸ் கண்ணிலிருந்து விரைவில் மறைந்துவிடும். ஒரே வகுப்பில் பத்துப் பேரிடம் எடுப்பதைவிட, வெவ்வேறு வீடு, பள்ளி, வயது என்று பிரித்துப் பத்துப் பேரிடம் எடுப்பது மேல். நூறு பேருக்கும் எடுக்க வேண்டியதில்லை.

எடுக்கும் முறை இது. கையைக் கழுவிப் புதிய கையுறை அணியுங்கள். கண்ணைச் சுற்றிப் பீளை இருந்தால் மெல்லத் துடைத்தெடுங்கள். நமக்கு வேண்டியது பீளையன்று, இமையின் உட்புறச் செல்கள். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை விரலால் கீழிழுங்கள். சிவந்த ஈரமான அந்தப் பள்ளத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் நோக்கி, குச்சியைச் சற்று அழுத்தி உருட்டுங்கள். கண்ணில் நீர் பொங்கும், குழந்தை முகத்தைச் சுளிக்கும். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் கிடைப்பது கண்ணீர் மட்டுமே. இமைமுடியில் படாமல் வெளியே எடுத்து, வைரஸ் கடத்து திரவம் உள்ள குழாயில் இட்டுத் தண்டை ஒடித்து மூடியை இறுக்குங்கள். இரு கண்களும் சிவந்திருந்தால் கண்ணுக்கு ஒரு குச்சியாக எடுத்து ஒரே குழாயில் இடலாம். அடினோவைரஸ் என்று சந்தேகித்தால் தொண்டையிலும் ஒன்று எடுத்துத் தனிக் குழாயில் இடுங்கள். கருவிழியைப் பார்க்கச் சாயச் சொட்டு விடவேண்டியிருந்தால், மாதிரி எடுத்த பிறகே விடுங்கள். சாயம் சோதனையைக் குழப்பலாம். தாய்ப்பால், இளநீர் என்று கைவைத்தியமாக எதையேனும் கண்ணில் விட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னதற்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்தவர் சொல்லமாட்டார்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கையுறையை மாற்றுங்கள். இந்த இரு குடும்ப வைரஸ்களுக்கும் கொழுப்பு உறை கிடையாது. சாராயம் எளிதில் சிதைப்பது அந்த உறையைத்தான் என்பதால், சாராயக் கைத்தூய்மி மட்டும் போதாது, சோப்பாலும் நீராலும் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவது அவசியம். அடினோவைரஸ் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. நோயாளி தாடையை வைத்த கருவியையும் கண் அழுத்தம் பார்க்கும் கருவியையும் குளோரின் கரைசலால் துடைக்காமல் அடுத்தவரை உட்காரவைத்தால், நோயைத் தேடப்போன நாமே அதைப் பரப்பியவர்களாகிவிடுவோம்.

அனுப்புவது

குழாய்களை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 4 டிகிரி செல்சியஸில் காத்து, இரண்டு நாட்களுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70 டிகிரியில் உறையவைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி அதற்கு மாற்றாகாது, உறைந்து உருகி உறைவதில் வைரஸ் சிதைந்துவிடும். நம் நாட்டில் கண்டோஸில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள மத்தியச் சுகாதார ஆய்வகமே இத்தகைய மாதிரிகள் சென்றுசேரும் இடம். பரவல் தொடங்கிவிட்டது என்று தோன்றியதுமே சுகாதார அமைச்சுக்கும் ஆய்வகத்துக்கும் சொல்லிவிட்டு மாதிரி எடுப்பதுதான் முறை. வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் கசியாத மூன்றடுக்குப் பொதியும் நோய் மாதிரி என்பதைக் காட்டும் யு.என். 3373 என்ற குறியீடும் கட்டாயம்.

ஆய்வகத்தில்

எண்டெரோவைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ, அடினோவைரஸினுடையது டிஎன்ஏ. எனவே ஒரே மாதிரியிலிருந்து இரண்டையும் பிரித்தெடுத்து, மரபுப்பொருளின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையை இரண்டுக்கும் ஒருங்கே செய்வது நல்லது. எண்டெரோவைரஸுக்கு, எல்லா வகைகளிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் மரபணுத் தொடக்கப் பகுதியைத் தேடுகிறார்கள். அடினோவைரஸுக்கு ஹெக்ஸான் என்ற புறவுறைப் புரதத்தின் மரபணுவைத் தேடுகிறார்கள்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், நிற்கக் கூடாது. தொடக்கப் பகுதிச் சோதனை 'எண்டெரோவைரஸ் உண்டு' என்று மட்டுமே சொல்லும்; சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ்கூட நெருங்கிய உறவு என்பதால் சில சோதனைகளில் தலைகாட்டும். எந்த வகை என்பதை அறிய வி.பி.1 என்ற புரதத்தின் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அந்த வரிசை, அறியப்பட்ட ஒரு வகையோடு 75 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் அது அதே வகை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். காக்சாக்கி ஏ24 என்று வந்தாலும், குடலில் வாழும் பழைய வகையா, கண்ணைத் தாக்கும் திரிபு வகையா என்று மேலும் ஒப்பிட வேண்டும். அதே ஒப்பீடு, இந்த வைரஸ் எந்த நாட்டில் அண்மையில் கண்டெடுத்த வரிசைகளுக்கு நெருக்கமானது என்பதையும் காட்டும்.

அடினோவைரஸில் இன்னொரு பொறி இருக்கிறது. இவை தமக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. ஹெக்ஸானைப் போலவே பென்டானும் நார்ப்புரதமும் இவற்றின் புறவுறைப் புரதங்கள். 53ஆம் வகையின் பென்டான் புரதம் 37ஆம் வகையினுடையது, ஹெக்ஸான் 22ஆம் வகையினுடையது, நார்ப்புரதம் 8ஆம் வகையினுடையது. ஹெக்ஸானை மட்டும் படித்துவிட்டு '22' என்று அறிக்கை எழுதினால் அது தவறான அறிக்கை. மூன்றையும் படிக்க வேண்டும்.

செல் வளர்ப்பில் வைரஸை உயிரோடு வளர்ப்பது இன்று எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை. செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கண்ணின் மேற்பரப்பு உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியானது, எண்டெரோவைரஸ் 70 வழக்கமான 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாக வளரும்.

இதுதான் காரணம் என்று முடிவுசெய்வது

ஒரு குழாயில் வைரஸ் கிடைத்தது என்பதாலேயே ஊரின் நோய்க்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது. நான் நான்கு ஒற்றுமைகளைத் தேடுவேன். வெவ்வேறு இடத்து நோயாளிகளில் பெரும்பாலோரிடம் அதே வகை இருக்க வேண்டும்; அவர்களின் மரபணு வரிசைகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்க வேண்டும்; வீடுகளில் கண்ட இடைவெளி அந்த வைரஸின் நோயரும்பு காலத்தோடு பொருந்த வேண்டும்; கண்ணில் கண்டது அதற்கு முரணாக இருக்கக் கூடாது. பத்தில் ஏழில் காக்சாக்கி ஏ24 வந்து, வீடுகளிலும் ஒரு நாள் இடைவெளியே தெரிந்தால் ஐயம் இல்லை. ஏழில் அடினோவைரஸ் வந்து, வீடுகளில் ஒரு நாள் இடைவெளி தெரிந்தால், எங்கோ தவறு இருக்கிறது. பட்டியலையும் ஆய்வகத்தின் வைரஸ் இல்லாத ஒப்பீட்டுக் குழாயையும் மறுபடி பாருங்கள். எல்லாமே 'இல்லை' என்று வந்தால், 'வைரஸ் இல்லை' என்று எழுதாமல் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதி, புதிதாக நோயுற்றவர்களிடம் முதல் நாளிலேயே மீண்டும் மாதிரி எடுங்கள்.

முடிவு வந்த அன்று

மாதிரி தந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்றே சொல்லி அனுப்புங்கள். காக்சாக்கி ஏ24 என்றால், ஏறக்குறைய ஒரு வாரம் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். துண்டு, தலையணை உறை, கண்மை தனித்தனியாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக் சொட்டு இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. எண்டெரோவைரஸ் 70 என்றால், அரிதாகச் சில வாரங்கள் கழித்துக் கைகால் பலவீனம் வரக்கூடும் என்பதால் அதைப் பார்த்தால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள். அடினோவைரஸ் என்றால் இரண்டு வாரம் விலகியிருக்க வேண்டும். சிவப்பு மறைந்த பிறகு பார்வை மங்கினாலோ வெளிச்சம் கூசினாலோ, கடையில் சொட்டு வாங்காமல், மோக்காவில் நம் பாரதியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் கண் மருத்துவமனைக்கு நேரே போகச் சொல்லுங்கள். அங்கு வாசலிலேயே, 'வீட்டில் கண்ணோய் இருந்தது' என்று முதலில் தெரிவிக்கவும் சொல்லுங்கள். அவர்களைத் தனி வரிசையில் அமர்த்த அது உதவும்.